ஒருநாள் மலரும் பல்லாண்டுச் செடியும்

கனடாவில் வாழும் எம்மவர் பலருக்கு வீட்டுத் தோட்டம் சிறியது. பூச்செடி வளர்க்கும் ஆசையோ பெரியது. அத்தகைய தோட்டங்களுக்கு மிகவும் ஏற்றது குட்டை டேலில்லி.

இதன் தாவரவியற் பெயரான ஹெமரோகலிஸ், ‘நாள்’, ‘அழகு’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது. காலையில் விரியும் மலர் பெரும்பாலும் இரவுக்குள் வாடிவிடும். எனினும், ஒரே தண்டில் பல மொட்டுகள் இருப்பதால் மறுநாள் வேறொன்று மலரும். பூந்தண்டு 12 அங்குலத்திற்குக் குறைவானவற்றையே குட்டை வகை என்பர். அவற்றுள் பெயர்பெற்றது பொன்மஞ்சள் நிறமுடைய ‘ஸ்டெல்லா டி ஓரோ’. அமெரிக்கரான வால்டர் ஜப்லொன்ஸ்கி உருவாக்கிய இவ்வகை 1975இல் பதிவு செய்யப்பட்டது. 1985இல் ஸ்டவுட் வெள்ளிப் பதக்கம் பெற்றது. ஒருமுறை பூத்து ஓயாமல், கோடை முழுவதும் மீண்டும் மீண்டும் பூப்பது இதன் சிறப்பு.

வைகாசியிலோ புரட்டாதித் தொடக்கத்திலோ இதனை நடலாம். நாளொன்றுக்கு ஆறு மணிநேரமாவது வெயில் படும், நீர் தேங்காத இடம் வேண்டும். மண்ணைக் கொத்திக் கூட்டெரு கலந்து, ஓரடி இடைவெளி விட்டு நடுதல் வேண்டும். இலையும் வேரும் சேருமிடம் மண்ணுக்குள் ஓர் அங்குல ஆழத்தில் இருக்கட்டும். மிக ஆழமாகப் புதைத்தால் பூ குறையும். மழையில்லாத வாரங்களில் வேர்வரை நனைய நீரூற்றுக. வாடிய மலர்களைக் கிள்ளிவிடுவது சிறுவர்க்கேற்ற பணி.

குளிர் தொடங்கியதும் இலைகள் பழுப்பாகிச் சாய்ந்துவிடும். நாம் இந்நாட்டிற்கு வந்த முதலாண்டுக் கார்த்திகையில், செடி பட்டுப்போயிற்றென்று எண்ணிப் பிடுங்கி எறிந்தோம். அதனைக் கண்ட அயல்வீட்டு மூதாட்டி, வேர்கள் வெண்மையாகவும் உறுதியாகவும் இருப்பதைக் காட்டி, “இது உறங்குகிறது” என்றார். வெட்கத்துடன் மீண்டும் நட்டோம், சித்திரையில் துளிர்த்தது.

நான்கைந்து ஆண்டுகளில் செடி அடர்ந்து, பூக்கள் குறையத் தொடங்கும். அப்போது ஆவணி இறுதியில் அதனைக் கிளப்பி, ஒவ்வொரு பங்கிலும் இரண்டு மூன்று இலைக்கற்றைகளும் வேர்களும் இருக்குமாறு பிரித்து நட வேண்டும். இலைகளைப் பாதியாகக் கத்தரித்துவிட்டால் வேர் விரைவில் பிடிக்கும்.

ஓர் எச்சரிக்கை: பூனை வளர்க்கும் இல்லங்களில் இச்செடி வேண்டாம். இதன் எந்தப் பகுதியைச் சிறிதளவு தின்றாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்து உயிர் போகக்கூடும். தின்றதாக ஐயம் ஏற்பட்டால், அறிகுறிகளுக்காகக் காத்திராது உடனே விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்க.

மாணவர்களே, வரும் வைகாசியில் பெற்றோருடன் ஒரு செடி நட்டுப் பாருங்கள். பங்கு பிரிக்கும் காலம் வரும்போது, ஒரு பங்கினை அயலவர்க்குக் கொடுங்கள். எமது செடியின் முதற்பங்கு, அதனைக் காப்பாற்றித் தந்த அம்மூதாட்டியின் வாசலிலேயே பூத்தது.