இரவு ஷிப்டும் உடற்கடிகாரமும்

பஞ்சாலைகள் மூன்று ஷிப்டில் ஓடும் ஊர் கோவை. இரவு வேலை உடலை என்ன செய்கிறது என்று விலங்கியல் மாணவனாகிய என்னை எண்ணவைத்தவை மதுரை வௌவால்கள்!

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் குழுவினர் இருட்டுக் குகையில் வௌவால்களைக் கூண்டிலடைத்து ஆராய்ந்தனர். கதிரவனையே காணாத அவை, கூட்டம் மாலையில் இரைதேடப் புறப்படும் வேளையை ஒட்டியே இயங்கின. கூட்டமில்லாக் குகையில் வைத்தபோதோ, அவற்றின் உடற்கடிகாரம் நாள்தோறும் சற்றே விலகித் தன்போக்கில் ஓடிற்று. 1981-இல் வெளியான கட்டுரை இது. ஒளி மட்டுமன்று, சுற்றமும் கடிகாரத்தைத் திருத்தும் என்பது வியப்பன்றோ?

நமக்கு இக்கடிகாரம் மூளையில், இரு கண்நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ளது. உடல்வெப்பமும் இரத்த அழுத்தமும் அதன் தாளத்துக்கேற்ப ஏறி இறங்கும்.

இனி, விடியலில் வீடு திரும்பும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். வெயில் கண்ணில் படுகிறது. வீடும் தெருவும் விழித்திருக்கின்றன. உடல் அதைப் பகலென்றே கணக்கிடுகிறது. நள்ளிரவில் உண்ட பரோட்டாவின் சர்க்கரையைச் சமாளிக்க அது ஆயத்தமாக இருப்பதில்லை. (பரோட்டா எனக்கும் பிடிக்கும் என்பது வேறு!) நீரிழிவும் இதயநோயும் இத்தகையோரிடம் மிகுதி என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப்பணி புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று 2007-இல் வகைப்படுத்தியது. 2019-இல் மீண்டும் ஆராய்ந்தும் அம்முடிவை மாற்றவில்லை.

வாரந்தோறும் ஷிப்ட் மாறினாலோ, உடல் இரவுக்குப் பழகத் தொடங்கும் முன்பே அடுத்த வாரம் வந்துவிடுகிறது.