சாட்ச்மோவின் பெட்டிகள்



எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பேண்டு மாஸ்டர் இருந்தார். எனக்குச் சித்தப்பா முறை. கிளாரினெட் வாசிப்பார். தோவாளையிலிருந்து குழித்துறை வரை அடக்க வீடுகளுக்கும் அசனங்களுக்கும் அவருடைய செட்டைத்தான் கூப்பிடுவார்கள். பாட்டுகளுக்குச் சுரம் எழுதிய நோட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அவர் இறந்து மூன்று வருடம் கழித்து அந்தப் பெட்டியைக் கேட்டுப் போனேன். "அதெல்லாம் கரையான் அரிச்சுப் போச்சு மக்கா, வெள்ளையடிக்கும்போ எடுத்து எரிச்சாச்சு" என்றார் சித்தி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதைத் தேடி ஒருவர் வருவார் என்று நாங்கள் யாரும் அவரிடம் சொல்லி வைத்ததில்லை.

அந்தப் பெட்டியை மனதில் வைத்துக்கொண்டுதான் லூயி ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ட்ரம்பெட் கலைஞர், பாடகர், செல்லப்பெயர் சாட்ச்மோ. ஜாஸ் என்றதும் உலகம் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று.

அவர் பிறந்த ஊர் அமெரிக்காவின் தெற்கே, லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ். 1900 ஜூலை 4, அதாவது அமெரிக்கச் சுதந்திர நாளில் பிறந்ததாகவே கடைசிவரை சொல்லிவந்தார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1980களில், ஞானஸ்நானப் பதிவேடு கண்டெடுக்கப்பட்டது. அதன்படி அவர் பிறந்தது 1901 ஆகஸ்ட் 4. பெயருக்குப் பக்கத்தில் லத்தீனில் இரண்டு குறிப்புகள்: கறுப்பர், முறைகேடாகப் பிறந்தவர். ஒரு மாத வயதுகூட ஆகாத குழந்தையைப் பற்றி ஆவணம் சொன்னது அவ்வளவுதான். ஜாதிச் சான்றிதழ் வாங்க அலுவலகப் படி ஏறிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தகப்பன் விட்டுப் போனார். தாய் வீட்டுவேலை செய்தார். சிறுவன் கார்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் வண்டியில் பழைய சாமான் பொறுக்கினான், நிலக்கரி விற்றான். 1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் வானத்தை நோக்கித் துப்பாக்கியால் சுட்டதற்காகக் கைதானான். கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பேண்டில்தான் கார்னெட்டை முறையாகப் படித்தான். 1922இல் கிங் ஆலிவரின் குழுவில் சேர சிகாகோவுக்கு ரயில் ஏறினார். 1925 முதல் 1928 வரை ஹாட் ஃபைவ், ஹாட் செவன் என்ற சிறு குழுக்களோடு அவர் பதிந்த இசைத்தட்டுகள் ஜாஸின் போக்கை மாற்றின. அதுவரை எல்லாரும் சேர்ந்து ஊதும் இசையாக இருந்ததில், ஒருவர் தனித்து நின்று, தெரிந்த மெட்டை அந்த நிமிடத்தில் புதிதாகக் கட்டிக் காட்டும் இடம் பெரிதானது. நாதஸ்வரக்காரரின் ஆலாபனையைக் கேட்டவர்களுக்கு இது ஓரளவு பிடிபடும்.

நியூ ஆர்லியன்ஸில் கறுப்பர்களின் சாவுக்கும் பேண்டு உண்டு. கல்லறைக்குப் போகும்போது மெதுவான பக்திப் பாட்டு, திரும்பும்போது துள்ளல். இதைக் கேட்டதும் "நம்ம பறை மாதிரியே" என்று சொல்லத் தோன்றும். நான் கொஞ்சம் நிதானிப்பேன். அங்கே தங்கள் பரஸ்பர உதவிச் சங்கங்களின் பணத்தில், தங்கள் ஆட்களுக்கு மரியாதை செய்ய வாசித்தார்கள். இங்கே பறை பிறர் சாவுக்கு அடித்தாக வேண்டிய ஜாதி ஊழியமாகச் சுமத்தப்பட்டது. அதை மறுத்ததற்காக அடி வாங்கியவர்கள் உண்டு. நம் ஆட்கள் பலர் பேண்டு யூனிபாரத்தை விரும்பி மாட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆம்ஸ்ட்ராங் மேடையில் எப்போதும் சிரித்தபடி, கைக்குட்டையால் வியர்வை துடைத்தபடி நிற்பார். வெள்ளையருக்குப் பல்லிளிக்கிறார் என்று இளைய கறுப்புக் கலைஞர்கள் பழித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் ஆளுநர் படையை நிறுத்தியபோது, ஜனாதிபதி ஐசனோவருக்குத் துணிவில்லை என்று ஒரு கல்லூரி மாணவ நிருபரிடம் பச்சையாகச் சொன்னவர் அவர்தான். பத்திரிகை ஆசிரியர் நம்பவில்லை. எழுதியதைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டார். அரசு ஏற்பாட்டில் சோவியத் ரஷ்யா போகவிருந்த பயணத்தையும் உதறினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவில் வாசிப்பதை லூசியானா சட்டம் தடுத்திருந்ததால், பல ஆண்டுகள் சொந்த ஊரிலேயே வாசிக்காமல் இருந்தார்.

இனி பெட்டிகளுக்கு வருகிறேன். 1943இல் அவரும் மனைவி லூசிலும் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், கொரோனா என்ற உழைப்பாளர் குடியிருப்பில், ஒரு சாதாரண வீட்டுக்குக் குடிவந்தார்கள். மாளிகை வாங்கும் வசதி வந்த பிறகும் சாகும்வரை வீடு மாறவில்லை. டைப்ரைட்டரை ஊர் ஊராகச் சுமந்து கடிதமும் தன்வரலாறும் அடித்தார். 1950இன் இறுதியில் டேப் ரெக்கார்டர் கைக்கு வந்தது. அதன்பின் இசைத்தட்டு, நண்பர்களோடு அரட்டை, கெட்ட ஜோக்கு, மனைவியோடு சண்டை, நிறவெறியால் பட்ட அவமானம் என எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பதிந்தார். 650க்கும் மேற்பட்ட சுருள்கள். எண் போட்டு, எதில் என்ன இருக்கிறது என்று கைப்பட எழுதி வைத்தார். அட்டைப் பெட்டிகளின் மேல் படங்களை வெட்டி ஒட்டி அழகும் பார்த்தார். மேடையில் சிரித்த மனிதர் வீட்டில் என்ன பேசினார் என்பது அவர் குரலிலேயே இருக்கிறது. அவரைப் பழித்தவர்களின் தீர்ப்பைப் பின்னாளில் ஆய்வாளர்கள் திருத்தி எழுதியதில் இந்தச் சுருள்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் 1971 ஜூலை 6 அன்று இறந்தார். லூசில் வீட்டைக் கலைக்கவில்லை. 1983இல் அவரும் இறந்த பிறகு வீடு நகரத்துக்குச் சேர்ந்தது. குவீன்ஸ் கல்லூரி பொறுப்பேற்றது. 1994இல் ஆவணக்காப்பகம் திறந்தது, 2003இல் வீடு அருங்காட்சியகமானது, 2018இல் சேகரிப்பு இணையத்திலும் வந்தது. நாகர்கோவிலில் உட்கார்ந்து செல்போனில் அதைப் பார்க்கலாம்.

இந்தியாவில் அவர் பாணியில் ட்ரம்பெட் ஊதியவர், 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' என்று பெயர் வாங்கிய சிக் சாக்லேட். கோவாவின் அல்டோனாக்காரர், இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். 1951இல் வந்த 'அல்பேலா' படத்தில் சி. ராம்சந்திராவோடு வேலை செய்தார். 1967இல் இறந்தார். இந்தி சினிமா இசையைக் கட்டியெழுப்பிய அந்தத் தலைமுறைக் கோவா வாத்தியக்காரர்களில் பெரும்பாலோர் பெயர் டைட்டிலில்கூட வரவில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் உயிரோடிருந்தவர்களின் ஞாபகத்தையும் வீட்டு ஆல்பங்களையும் தேடி அலைய வேண்டியிருந்தது.

நம் பக்கம் பாருங்கள். 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததும், அவரை வரவழைத்த வேதமாணிக்கத்தின் கதையும் நமக்குத் தெரியும். ஆனால் நம் முன்னோரைப் பற்றி மிஷனரிகள் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவை அவர்கள் பார்வையில், அவர்கள் மொழியில் நாம். மறுபக்கம், 1907இல் தொடங்கிய அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் காத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தது. அந்த இதழ்களையும் யாராவது எடைக்குப் போட்டிருந்தால், இன்று நாம் தமிழ் பௌத்தம் பற்றிப் பேசும் பேச்சில் பாதி இருக்காது.

சித்தப்பாவின் செட்டில் சைடு டிரம் அடித்தவர் இன்னும் இருக்கிறார். போன மாதம் இரண்டு மணி நேரம் அவரை செல்போனில் பதிவு செய்தேன். எந்த வீட்டில் நாற்காலி போட்டார்கள், எந்த வீட்டில் வாசலுக்கு வெளியே நிறுத்திக் காசை எறிந்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார். சித்தப்பா ஒரு பாட்டை எப்படி எடுப்பார் என்று வாயாலேயே ஊதிக் காட்டினார். நடுவில் கோழி கத்துகிறது, பேத்தி டிவி சத்தத்தைக் கூட்டுகிறாள். எதையும் வெட்டவில்லை. தேதியும் இடமும் எழுதி மூன்று இடங்களில் சேமித்திருக்கிறேன். வருகிற ஞாயிறு, அதே செட்டின் ட்ரம்பெட்காரர் வீட்டுக்குப் போகிறேன். பரணில் ஒரு பெட்டி இருக்கிறதாம். ஏணி பிடிக்க இரண்டு பேர் வந்தால் நல்லது.