உங்களுக்குத் தெரியுமா? தண்ணீரைக் கட்டும் கட்டுக்கொடி

சிங்காநல்லூர் முதல் தாராபுரம் வரை, கொங்கு நாட்டுக் கிளுவை வேலிகளில் தானாகப் படர்வது கட்டுக்கொடி.

● இலையைக் கசக்கித் தண்ணீரில் பிழிந்து, வடிகட்டி அசையாமல் வையுங்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் பச்சை அல்வாபோல இறுகிவிடும். இலையிலுள்ள வழவழப்பான பசைப்பொருளே காரணம்.

● ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிக் கொடிகளில் பூக்கும். அதனால் பெண் கொடி மட்டுமே காய்க்கும்.

● மிளகளவுப் பழம் பழுத்தால் கருநீலமாகும். நசுக்கினால் விரலில் ஊதாச் சாயம் ஒட்டும். உள்ளே லாடம்போல வளைந்த கொட்டை இருக்கும்.

● சீந்திலும் காக்காய்க்கொல்லியும் இதே குடும்பம்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஏறும் காக்காய்க்கொல்லியின் விதையில் உள்ள பிக்ரோடாக்சின் கடும் நஞ்சு; வலிப்பை உண்டாக்கும். இது 1812-லேயே பிரித்தெடுக்கப்பட்டது. அந்த விதையைத் தூவி மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கமும் இருந்தது.

● கட்டுக்கொடிச் சாற்றிலிருந்து உருவாக்கிய மருந்தை 2020-ல் கொரோனா நோயாளிகளிடம் சன் பார்மா நிறுவனம் சோதித்துப் பார்த்தது.

கவனம்: வேலிப் பழங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். மூலிகைக் கொடி என்பதற்காக அதன் பழமும் தின்னத்தக்கது ஆகிவிடாது. குழந்தை தெரியாமல் தின்றுவிட்டால் கைவைத்தியத்தில் நேரம் கடத்த வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். தின்ற பழத்தையும் இலையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.