உறைநிலத்தில் விலங்குப் பொறிகளை நிலைநிறுத்தல்

உறைநிலத்தில் விலங்குப் பொறிகளை நிலைநிறுத்தல் என்பது, குளிரால் உறைந்து இறுகிய தரையில் வைக்கப்படும் பொறியை அதில் அகப்பட்ட விலங்கு பெயர்த்து இழுத்துச் செல்லாதவாறு நிலத்துடன் பிணைத்து வைக்கும் முறைகளைக் குறிக்கும். கனடா, அலாஸ்கா, ஐக்கிய அமெரிக்காவின் வடமாநிலங்கள் ஆகிய இடங்களில் இது பொறிவைப்போரின் அடிப்படைத் திறன்களுள் ஒன்றாகும். இப்பகுதிகளில் நரி, கொயோட், லின்க்ஸ், பீவர் முதலிய விலங்குகளின் மயிர் அடர்ந்து, தோல் மதிப்புப் பெறுவது குளிர்காலத்தில்தான். ஆகவே நிலம் மிகக் கடினமாக இருக்கும் மாதங்களும் பொறி வைக்கும் மாதங்களும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

பிணைப்பு தோல்வியடைந்தால் இழப்பு பொறிக்கு மட்டும் உரியதன்று. காலில் இரும்புப் பொறியும் சங்கிலியும் தொங்க ஓடும் விலங்கு இரை தேட இயலாது. சங்கிலி புதரில் சிக்கினால் அங்கேயே பட்டினியால் இறக்கும். சிக்காவிட்டால் குருதியோட்டம் தடைப்பட்ட கால் அழுகும். பனி பொழிந்து தடம் மறைந்துவிட்டால் அதனைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அரிது. பொறிகளைப் பற்றி எக்கருத்து உடையவராயினும், பிடிபட்ட விலங்கு பிடிபட்ட இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

பொறியும் சங்கிலியும்

இங்கு முதன்மையாகக் கருதப்படுவது காற்பொறி ஆகும். இரு இரும்புத் தாடைகள், அவற்றை மூடும் விற்சுருள், விலங்கு மிதிக்கும் சிறு தட்டு ஆகியன இதன் உறுப்புகள். தாடைகளின் அடியிலிருந்து ஒரு சங்கிலி செல்கிறது. அதன் மறுமுனையே நிலத்துடன் பிணைக்கப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா சமூகத்தில் செவெல் நியூஹவுஸ் வடிவமைத்த பொறிகள் வட அமெரிக்கா முழுவதும் பரவின. அச்சமூகம் 1865இல் வெளியிட்ட கையேடு, பொறியைப் பிணைக்கும் முறைகளையும் விளக்கியது. வளைத்துக் கட்டிய கழி, சரிவுக் கழி, சங்கிலியில் கட்டிய மரக்கட்டை ஆகியவை அவற்றுள் சில.

சங்கிலியின் இடையில் சுழல் இணைப்புகள் இருத்தல் இன்றியமையாதது. அகப்பட்ட விலங்கு நேராக இழுப்பதோடு நிற்பதில்லை. முளையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. சுழல் இணைப்பு இல்லையெனில் சங்கிலி முறுக்கேறிக் குறுகும். பின்னர் ஒவ்வோர் அசைவும் நேரடியாகக் காலையும் முளையையும் தாக்கும். குளிர்காலத்தில் இவ்விணைப்பில் நீர் புகுந்து உறைந்தால், இணைப்பு இருந்தும் இல்லாததற்குச் சமமாகிவிடும்.

உறைந்த மண்ணின் இயல்பு

நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள நீர் பனிக்கட்டியாக மாறி அவற்றை ஒட்டிப் பிடிக்கிறது. ஈரமான மணல் நன்கு உறைந்துவிட்டால் அதன் உறுதி, வலிமை குறைந்த காங்கிரீட்டை ஒத்திருக்கும். களிமண் அவ்வாறன்று. அதன் நுண்துளைகளில் உள்ள நீரின் ஒரு பகுதி 0 பாகை செல்சியசுக்குக் கீழும் உறையாமல் இருப்பதால், உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில் அது சற்று இளக்கமாகவே இருக்கும். வறண்ட சரளையில் ஒட்டுவதற்கு நீரே இல்லை. எனவே எத்தனை குளிராயினும் அது உதிரியாகவே நிற்கும்.

உறைவு எவ்வளவு ஆழம் செல்லும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். மினசோட்டா மாநிலக் கட்டிட விதிகள், வீட்டு அடித்தளங்கள் தென்பகுதியில் 42 அங்குலமும் வடபகுதியில் 60 அங்குலமும் ஆழம் செல்ல வேண்டும் என்று கூறுவதிலிருந்து இதனை உணரலாம். ஆயினும் கடுங்குளிருக்கு முன்பே பனி கனமாகப் பொழிந்துவிட்டால், அது போர்வைபோல் நிலத்தின் வெப்பத்தைக் காக்கும். மரநிழலில் உதிர்ந்த இலைமக்கும் அவ்வாறே செயற்படுகிறது. காற்று பனியை அடித்துச் சென்ற திறந்த மேடு, பத்தடி தொலைவிலுள்ள புதரடியை விட இருமடங்கு ஆழம் உறைந்திருப்பது வியப்பன்று. அனுபவம் உள்ளவர் முளையடிக்கும் முன் இடத்தைத் தெரிவு செய்வது இதனாலேயே.

இங்கு ஒரு முரண்பாடு உண்டு. உறைந்த நிலத்தில் முளையை இறக்குவது கடினம். ஆனால் இறங்கிய முளையைச் சுற்றிப் பனி பற்றிக்கொண்டால், அதனைப் பெயர்ப்பது அதைவிடக் கடினம். இரும்புக்கும் உறைமண்ணுக்கும் இடையே ஏற்படும் இவ்வொட்டுதல், வெறும் உராய்வை விடப் பன்மடங்கு வலியது.

இரும்பு முளைகள்

பெரும்பாலும் பயன்படுவது கட்டிட வேலைக்குரிய முறுக்குக் கம்பியால் ஆன முளையாகும். அரை அங்குல விட்டமும் 18 முதல் 30 அங்குல நீளமும் வழக்கமான அளவுகள். தலைப்பகுதியில் ஒரு வளையமோ திருகு மரையோ பற்றவைக்கப்பட்டிருக்கும். சம்மட்டியால் அடிக்கும்போது கம்பியின் தலை நசுங்கிச் சில்லுகள் தெறிக்கக்கூடும் என்பதால் கண் காப்பு அணிவது நல்லது. கடுங்குளிரில் சாதாரண எஃகு நொறுங்குந்தன்மை பெறுகிறது. கோடையில் பல அடிகளைத் தாங்கிய பற்றவைப்பு சனவரியில் விரிசல் காண்பதும் உண்டு.

மேற்பரப்பு மிக இறுகியிருந்தால் முதலில் கடப்பாரையாலோ துளைக்கருவியாலோ வழித்துளை இடப்படும். துளை முளையை விடச் சற்றுக் குறுகலாக இருத்தல் வேண்டும். அகலமான துளையில் முளை எளிதாக இறங்கும்; அதே எளிமையுடன் வெளியேயும் வரும். துளை தவறி அகன்றுவிட்டால், முளையைச் சுற்றி ஈரமண்ணை இட்டு, நீர் ஊற்றி உறையவிடுவர்.

ஒரு முளை போதாத இடத்தில் இரட்டை முளை அடிக்கப்படுகிறது. இரு துளைகள் கொண்ட ஒரு தகட்டின் வழியாக இரண்டு முளைகள், மண்ணுக்குள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்லும்படி சாய்வாக இறக்கப்படும். தனி முளை தோற்பது பெரும்பாலும் ஒரே இழுப்பில் அன்று. விலங்கு பல திசைகளில் நூற்றுக்கணக்கான முறை வெட்டியிழுக்க, முளை ஆடி ஆடித் துளை அகன்று, சிறிது சிறிதாக மேலேறும். சாய்ந்த இரு முளைகளும் ஒரே திசையில் மேலேற இயலாது. ஒன்று நகர முயலும்போது மற்றது இறுகுகிறது. 10 முதல் 16 கிலோகிராம் எடையுள்ள கொயோட்டிற்கே இம்முறை பரவலாகக் கையாளப்படுகிறது.

கம்பிவட நங்கூரம்

இது அண்மைக்காலத்தில் பரவிய முறையாகும். ஒரு சிறு உலோகக் கூர்முனை, எஃகுக் கம்பிவடத்தின் நுனியில் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு தண்டின் உதவியால் அதனை மண்ணுக்குள் அடித்து இறக்கிய பின் தண்டு உருவப்படும். பின்னர் வடத்தை மேல்நோக்கி இழுத்தால், கூர்முனை புரண்டு குறுக்காக நிற்கும். அதற்கு மேலுள்ள மண் முழுவதும் கூம்பு வடிவில் அதனை அழுத்திப் பிடிக்கிறது. வடம் வளையக்கூடியது ஆதலால், விலங்கு சுற்றி வந்தாலும் துளை அகல்வதில்லை. நீண்ட முளையுடன் ஒப்பிட இதன் எடையும் குறைவு.

உறைநிலத்தில் இதற்கு ஓர் இக்கட்டு உண்டு. கூர்முனை புரள்வதற்கு அதனைச் சுற்றி இளகிய மண் தேவை. உறைந்த அடுக்கு மெல்லியதாயின், வழித்துளை இட்டு அதனைக் கடந்து கீழுள்ள உறையாத மண்ணுக்குள் நங்கூரத்தைச் செலுத்தலாம். அப்போது மேலடுக்கு ஒரு மூடிபோல் உதவுகிறது. உறைவு ஆழமாயின் முனை புரளாது. வந்த வழியே திரும்பி வந்துவிடும். இதனால் பலர் இலையுதிர் காலத்திலேயே நங்கூரங்களை இறக்கி, வட நுனியை மட்டும் மேலே விட்டு, இடத்தைக் குறித்து வைக்கின்றனர். குளிர் வந்த பின் பொறியை மாட்டுவதே எஞ்சிய வேலை.

முளை இறங்காத இடங்கள்

பாறை, நிலைத்த உறைநிலம் ஆகியவற்றில் முளையடிக்கும் முயற்சியே வீண். உயிருள்ள மரம், வேர் போன்றவற்றில் சங்கிலியைக் கட்டுவது எளிய தீர்வு. அவையும் இல்லையெனில் இழுகொக்கி பயன்படும். இது இரு கொம்புகள் உடைய கொக்கி. 6 முதல் 8 அடி நீளச் சங்கிலியுடன் இணைக்கப்படும். விலங்கு ஓடும்போது கொக்கி தரையைக் கீறிச் சென்று முதற்புதரில் மாட்டிக்கொள்ளும். நியூஹவுஸ் காலத்து மரக்கட்டையின் தத்துவமும் இதுவே: அசையாத பொருளை எதிர்த்து முழு வலிமையுடன் வெட்டியிழுக்கும் விலங்கு, நகர்ந்து கொடுக்கும் பொருளை அவ்வாறு இழுக்க இயலாது. ஆனால் மரமற்ற சமவெளியில் கொக்கி மாட்ட எதுவும் இல்லை. உறைந்து வழவழப்பான தரையில் அது கீறாமல் சறுக்கிச் செல்லும். அவ்விடங்களில் இதனை நம்புவது தவறு.

உறைந்த ஏரிகளில் பனிக்கட்டியே பிணைப்பாகிறது. பீவர் பொறிகளுக்குப் பனிக்கட்டியில் துளையிட்டு நீண்ட கழியை ஏரியின் அடிமண் வரை செலுத்துவர். துளை மீண்டும் உறைந்ததும் கழி அசைவற்று நின்றுவிடும். ஆர்க்டிக் பகுதியில் இனுயிட் மக்கள் நாய்களைக் கட்டுவதற்குப் பனிக்கட்டியில் அருகருகே இரு குழிகள் வெட்டி, அடியில் அவற்றை இணைத்து, நடுவில் எஞ்சும் பாலம் போன்ற பகுதியில் கயிற்றைக் கோப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. மலையேறுவோர் பனிச்சரிவுகளில் பயன்படுத்தும் பிணைப்பு ஒன்றும் இதே வடிவியலில் அமைந்தது. அது வித்தாலி அபலக்கோவ் என்ற உருசிய மலையேறியின் பெயரால் அறியப்படுகிறது.

உப்பும் உருகலும்

ஒரே குழியில் இரு எதிரான தேவைகள் உள்ளன. முளை உறைந்திருக்க வேண்டும். பொறியோ உறையக்கூடாது, உறைந்தால் தாடைகள் மூடா. பொறியைச் சுற்றி உலர்ந்த கரிப்பாசி மண்ணையோ மெழுகு பூசிய மண்ணையோ இடுவது பாதுகாப்பானது. உப்பு தூவும் வழக்கமும் உண்டு. அது இரும்பை அரிக்கும். மேலும் உப்புநீர் கசிந்து இறங்கினால், முளையைப் பற்றியிருக்கும் பனியையும் இளக்கிவிடும். இக்குறை உடனே புலப்படாது என்பதால் பலர் இதனைக் கருதுவதில்லை.

உறைவை மட்டும் நம்பி அடிக்கப்பட்ட குட்டையான முளை, உருகும் நாளில் சேற்றில் நட்ட குச்சிக்கு ஒப்பாகும். ராக்கி மலைத்தொடரின் கிழக்கே வீசும் சினூக் என்னும் வெப்பக்காற்று இதற்குப் பெயர்பெற்றது. 1943 சனவரி 22 அன்று தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் நகரில் வெப்பநிலை இரண்டே நிமிடங்களில் −20 பாகை செல்சியசிலிருந்து 7 பாகைக்கு உயர்ந்தது. இரண்டு நிமிடத்தில் நிலம் இளகாது என்பது உண்மையே. ஆயினும் இத்தகைய காற்று நாள்கணக்கில் நீடித்தால், முதலில் இளகுவது முளையின் கழுத்தைப் பிடித்திருக்கும் மேலடுக்குதான். ஆதலால் முளையின் நீளத்தை உறைந்த நிலத்துக்கு ஏற்பக் குறைக்காமல், அதே மண் ஈரமாக இருந்தால் எவ்வளவு தேவையோ அவ்வளவு வைப்பதே சரியான கணக்கு.

மாறிமாறி உறைந்து உருகும் வண்டல் மண்ணில் வேறொரு தொல்லை உண்டு. நுண்புழை ஏற்றத்தால் கீழிருந்து நீர் உறைமுகத்தை நோக்கி ஈர்க்கப்பட்டு, மண்ணுக்குள் பனிக்கட்டி வில்லைகளாகத் திரளும். மேல்மண் உயரும்போது அதனுடன் ஒட்டிய முளையும் உயர்த்தப்படுகிறது. அடியில் உண்டான வெற்றிடத்தில் மண் சரிந்து நிரம்புவதால், உருகிய பின் முளை பழைய ஆழத்திற்குத் திரும்புவதில்லை. வேலிக்கம்பங்கள் சில ஆண்டுகளில் மேலெழுவதும் இக்காரணத்தாலேயே. 1977இல் செயற்படத் தொடங்கிய அலாஸ்கா எண்ணெய்க் குழாயின் தாங்குதூண்களில் வெப்பத்தை வெளியேற்றும் குழல்கள் பொருத்தப்பட்டிருப்பது, தூண்களைச் சுற்றியுள்ள மண் உருகாமல் காப்பதற்கே.

ஆய்வும் சட்டமும்

காற்பொறிகள் தோலுக்காக மட்டுமன்றி, ஓநாய்களை உயிருடன் பிடித்து வானொலிக் கழுத்துப்பட்டை அணிவிக்கவும் பயன்படுகின்றன. மினசோட்டாவில் டேவிட் மெக் 1968இல் தொடங்கிய ஆய்வு இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஆனால் கடுங்குளிரில் அகப்பட்ட கால் உறைந்து கெட்டுவிடும் இடர் உள்ளதால், ஆய்வாளர்கள் அக்காலத்தில் காற்பொறியைத் தவிர்த்து, உலங்கு வானூர்தியிலிருந்து மயக்க ஊசி எய்வதையே விரும்புகின்றனர்.

ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் இயற்றிய ஒழுங்குவிதி, 1995 முதல் தன் எல்லைக்குள் காற்பொறிகளைத் தடை செய்தது. 1997இல் கனடா, உருசியா ஆகியவற்றுடன் மனிதநேயப் பொறித் தரங்கள் குறித்த உடன்பாடு ஏற்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பல மாநிலங்களில் பொறிகளை நாள்தோறும் பார்வையிடுதல் கட்டாயம்.

முளைகளை மீட்டல்

பருவ முடிவில் உறைந்த முளையை நேராக மேலே இழுப்பது பயன் தராது. முதலில் திருகுக் குறடால் அதனைச் சுழற்றிப் பனியின் பிடியை உடைத்து, பின்னர் பண்ணைகளில் பயன்படும் நெம்பு உயர்த்தியால் தூக்குவர். கம்பிவட நங்கூரங்களைப் பெரும்பாலும் மண்ணிலேயே விட்டுவிடுகின்றனர். விளைநிலத்தில் அவ்வாறு விட்ட வட நுனி, வேனிலில் உழவு இயந்திரத்தில் சிக்கக்கூடும் என்பதால், நில உரிமையாளருக்கு இடத்தைக் காட்டிவிடுவது வழக்கம்.