பிலிப் குணவர்த்தனவும் நெற்காணிச் சட்டமும்

எமது பகுதியில் வயல் செய்தவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். சொந்தக் காணியில் செய்தவர்கள், பிறர் காணியைக் குத்தகைக்கோ பங்குக்கோ எடுத்துச் செய்தவர்கள், கூலிக்குச் செய்தவர்கள். 1990 இலும் பின்னர் 2006, 2007 ஆம் ஆண்டுகளிலும் படுவான்கரையையும் வாகரையையும் விட்டு மக்கள் ஓடியபோது மூன்று வகையினரும் ஒரே முகாமில் ஒரே கூடாரத்தில்தான் இருந்தார்கள். திரும்பிப் போகும்போதுதான் வேறுபாடு தெரிந்தது. உறுதி உள்ளவர் உறுதியைக் காட்டினார், 'பெமிட்' உள்ளவர் அதைக் காட்டினார். பத்து இருபது வருடம் ஒரே வயலைக் குத்தகைக்குச் செய்தவரிடம் காட்டுவதற்கு என்ன இருந்தது?

இக்கேள்விக்குச் சட்டத்தில் ஒரு பதில் உண்டு. அதன் முதல் வடிவம் 1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம். அதைக் கொண்டுவந்தவர் அன்றைய கமத்தொழில், உணவு அமைச்சர் பிலிப் குணவர்த்தன. எம்மவரிடையே அவருடைய பெயர் அதிகம் பேசப்படுவதில்லை. பேசப்பட்டாலும் நல்லவிதமாகப் பேசப்படுவதில்லை. அதற்கும் நியாயமான காரணம் உண்டு, அதைப் பின்னர் கூறுவோம்.

அவர் 1901 ஜனவரியில் அவிசாவளைக்கு அருகிலுள்ள பொரளுகொட என்ற ஊரில் வசதியான காணிக்காரக் குடும்பத்தில் பிறந்தார். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் படித்து, 1922 இல் அமெரிக்கா சென்றார். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் அவருடன் படித்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் இந்தியாவில் பெயர்பெற்ற ஜெயப்பிரகாஷ் நாராயண். பின்பு இலண்டனில் இடதுசாரி இயக்கங்களில் ஈடுபட்டு, 1932 இல் நாடு திரும்பினார். 1934, 1935 இல் மலேரியாக் காய்ச்சல் நாட்டையே உலுக்கியபோது, அவரும் தோழர்களும் கிராமம் கிராமமாகச் சென்று மருந்தும் உணவும் கொடுத்தார்கள். ஏழைக் கமக்காரனின் வீட்டுக்குள் அவர்கள் நுழைந்தது அப்போதுதான் என்று சொல்லலாம். அந்த உறவின் பலம் விரைவில் தெரிந்தது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தொடங்கப்பட்டது. மறு ஆண்டே அவிசாவளை மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கில அரசு அவரைச் சிறையிலடைத்தது. 1942 ஏப்ரலில் அவரும் என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா ஆகியோரும் கண்டியிலிருந்த சிறையிலிருந்து தப்பினார்கள். காவலர் ஒருவரும் அவர்களுடனேயே வெளியேறினார் என்பது சுவையான செய்தி. பிலிப் இந்தியாவுக்குச் சென்று, பம்பாயில் பிடிபட்டு, மறுபடியும் சிறை. போர் முடிந்தபின் பாராளுமன்றம், கட்சிப் பிளவுகள். இடதுசாரிகள் எத்தனை தடவை பிரிந்து எத்தனை தடவை கூடினார்கள் என்பதை இங்கே எழுதப் புகுந்தால் இவ்விதழ் போதாது. 1950 இல் அவர் தனிக்கட்சி அமைத்தார். 1956 இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவுடன் சேர்ந்து வென்று அமைச்சரானார்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அன்று நாட்டின் பல பாகங்களில் விளைச்சலில் பாதி காணிக்காரனுக்கு என்பதே வழக்கம். சிங்களத்தில் இதை 'அந்தே' என்பார்கள். விதைநெல், மாடு என்று காணிக்காரன் கொடுத்தால் அதற்கும் வட்டியோடு களத்திலேயே கழிக்கப்படும். அடுத்த போகத்துக்கு அந்த வயல் கிடைக்குமா என்பது காணிக்காரனின் முகத்தைப் பொறுத்தது. பிலிப்பின் சட்டம் இதில் இரண்டு மாற்றங்களைச் செய்தது.

முதலாவது, குத்தகையின் அளவு. ஏக்கருக்குப் பன்னிரண்டு புசல் அல்லது விளைச்சலில் நான்கிலொன்று, இரண்டில் எது குறைவோ அதுவே மேலெல்லை. உதாரணமாக, ஏக்கருக்கு 40 புசல் விளைந்தால் பழைய வழக்கப்படி 20 புசல் கொடுக்கவேண்டும், சட்டப்படி 10 புசல் போதும். 60 புசல் விளைந்தால் நான்கிலொன்று 15 ஆகும், ஆனால் 12 புசலுக்கு மேல் கேட்க முடியாது. அதாவது பசளை போட்டு, களை பிடுங்கிக் கூட்டிய விளைச்சல் உழைத்தவனுக்கே சேரும். விளைச்சல் கூடவேண்டுமானால் உழைப்பவனுக்கு அதில் ஆசை இருக்கவேண்டும் என்று அமைச்சர் கண்டிருந்தார்.

இரண்டாவது, உரிமையின் உறுதி. குத்தகைக்காரரைக் காணிக்காரன் தன் விருப்பப்படி எழுப்ப முடியாது. அவ்வுரிமை நிரந்தரமானது, பிள்ளைகளுக்கும் செல்வது. யார் கமக்காரன் என்பதற்கும் சட்டம் விளக்கம் சொன்னது: உழுதல், விதைத்தல், அறுத்தல் ஆகிய மூன்றில் இரண்டையாவது தானோ தன் குடும்பத்தவரோ செய்து, பயிரைக் காவல் காப்பவன். காவலையும் ஒரு வேலையாக எண்ணியதை எம் மக்கள் மெச்சுவார்கள். யானைக்கும் பன்றிக்கும் இரவெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு அதன் பாரம் தெரியும்.

இவற்றைக் கவனிக்க ஊர்தோறும் பயிர்ச்செய்கைக் குழுக்கள் அமைந்தன. நீர் பங்கிடுதல், வேலி, வாய்க்கால், காணி இடாப்பு யாவும் அவற்றின் பொறுப்பு. காணிக்காரருக்கு அதில் சிறுபான்மை இடமே. முன்பு வட்டவிதானையின் வாய்ச்சொல்லாக இருந்த பல விடயங்கள் எழுத்துக்கு வந்தன. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் 1957 இல் அவர் தொடங்கியவையே. கூட்டுறவுக்கென அவர் திட்டமிட்ட வங்கி அவர் காலத்தில் நிறைவேறவில்லை. 1961 இல் மக்கள் வங்கியாக அது வேறொருவர் கையால் வந்தது.

சட்டம் வந்ததும் எல்லாம் நேராகிவிட்டதா? இல்லை. மாவட்டம் மாவட்டமாகத்தான் அது அமுலுக்கு வந்தது. வருமுன்னரே காணிக்காரர் பலர் குத்தகைக்காரரை எழுப்பிவிட்டு, 'நானே செய்கிறேன்' என்று அதே ஆட்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். எழுப்பப்பட்டவர்களின் முறைப்பாடுகள் நாடெங்கும் குவிந்தன. சட்டத்தின் ஓட்டைகளை அடைக்க 1961, 1964 ஆம் ஆண்டுகளில் திருத்தங்கள் தேவைப்பட்டன.

எமது பகுதியிலோ நிலைமை இன்னும் சிக்கலானது. பெரிய போடியார்மாரின் வயல்களில் முல்லைக்காரன் பொறுப்பாக நின்று, போகத்துக்கு இவ்வளவு நெல் என்று பேசிய கூலிக்கு வேலை செய்தான். வயலை அவனே ஆண்டான், வயலிலேயே வாடியடித்துக் கிடந்தான். ஆனால் போடியாரின் கணக்கில் அவன் கூலிக்காரன். குத்தகைக்காரன் அல்லாதவனுக்குக் குத்தகைக்காரனின் உரிமை எப்படிக் கிடைக்கும்? பாதிக்குப் பாதி முறையை ஒழிக்க வந்த சட்டம், கூலிமுறையில் வாழ்ந்தவனைக் களவெட்டியின் ஓரத்திலேயே விட்டுச் சென்றது. இது சட்டத்தின் பெருங்குறை என்றே நாம் கருதுகிறோம்.

அமைச்சரவைக்குள்ளேயே அவருக்கு எதிர்ப்பு வலுத்தது. அவர் இருக்கும் அமைச்சரவைக் கூட்டத்துக்கு வரமாட்டோம் என்று வலதுசாரி அமைச்சர்கள் மறுத்தார்கள். அவருடைய பொறுப்புகளில் சில பறிக்கப்பட்டன. 1959 மே மாதத்தில் அவர் பதவி விலகினார். அதே ஆண்டு செப்டெம்பரில் பண்டாரநாயக்க சுடப்பட்டு இறந்தார்.

இப்போது முன்னர் சொன்ன காரணத்தைப் பார்ப்போம். 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசாங்கத்தில் பிலிப் இருந்தார், அதை ஆதரித்தார். சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம இடம் என்று அவரது பழைய தோழர்கள் அப்போதும் சொல்லிக்கொண்டிருக்க, அவர் மறுபக்கம் நின்றார். அந்தச் சட்டம் வந்த ஜூன் மாதத்திலேயே கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் கொல்லப்பட்டார்கள். உழுபவனின் உரிமையைச் சிங்கள ஊரில் கண்ட கண்கள், அதே உழவன் தன் மொழியில் ஒரு மனுவை எழுதிக் கொடுக்கும் உரிமையைக் காணவில்லை. குத்தகை இடாப்பு எந்த மொழியில் எழுதப்படும் என்பதும் காணி உரிமையின் பகுதிதானே!

1965 இல் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கத்தில் அவர் கைத்தொழில், மீன்பிடி அமைச்சரானார். அதே அமைச்சரவையில் தமிழரசுக் கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் 1968 வரை இருந்தார் என்பது அரசியலின் விந்தை. வாழ்நாளெல்லாம் எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சியோடு சேர்ந்ததை அவருடைய பழைய ஆதரவாளர் பலர் மன்னிக்கவில்லை. 1970 தேர்தலில் தோற்று, 1972 மார்ச்சில் காலமானார். அவருடைய மகன் தினேஷ் குணவர்த்தன 2022 முதல் 2024 வரை நாட்டின் பிரதமராக இருந்தார்.

நெற்காணிச் சட்டம் இப்போது இல்லை. 1970களின் தொடக்கத்தில் அதன் இடத்தில் வேறு சட்டங்கள் வந்தன, 1979 இல் கமநல சேவைகள் சட்டம் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம். குத்தகைக் கமக்காரரின் பாதுகாப்பு, காணி இடாப்பு ஆகிய இரண்டும் பிலிப்பின் காலத்திலிருந்து கைமாறி இச்சட்டம் வரை வந்துள்ளன. பயிர்ச்செய்கைக் குழுவின் இடத்தில் கமக்காரர் அமைப்புகள் இருக்கின்றன.

வாய்ப்பேச்சில் வயல் எடுத்துச் செய்வோரும், மீளக்குடியேறி மறுபடியும் பழைய வயலில் இறங்கியோரும், விதைப்புக்கு முன்னர் தங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, அந்தக் காணிக்கு எதிரே இடாப்பில் யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பார்க்கவும். பெயர் இல்லாவிடின் பதிவதற்கான விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, அதன் பிரதியொன்றைத் திகதியோடு கையில் வைத்துக்கொள்ளவும். குத்தகை நெல் கொடுக்கும்போது காணிக்காரரிடம் ஒரு துண்டிலாவது கையெழுத்து வாங்குவது நல்லது. எங்காவது ஓடவேண்டி வந்தால் அடையாள அட்டையோடு அதே பைக்குள் அந்தத் துண்டும் இருக்கட்டும்.