மருத்துவமனைக்குப் பணம் உண்டு, உடனிருப்பவருக்கு இல்லை

புது தில்லி: ஓய்வூதியம் இல்லாத முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும் வழங்கப்படும் வறுமை நிவாரண உதவித்தொகையை மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்த, 2025 அக்டோபரில் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் ஒப்புதல் அளித்தார். 65 வயதைக் கடந்து, நிலையான வருவாய் ஏதுமின்றி இருப்போருக்கு வாழ்நாள் முழுவதும் கிடைக்கும் தொகை இது. வரவேற்கத்தக்க முடிவுதான். ஆயினும் இத்தொகை மத்திய பட்ஜெட்டிலிருந்து வருவதன்று. ஆண்டுதோறும் டிசம்பர் 7-இல் உண்டியல் ஏந்தித் திரட்டப்படும் கொடி நாள் நிதியிலிருந்து வருகிறது. அரசின் கடமை எது, குடிமக்களின் ஈகை எது என்ற கோடு இங்கே மங்கலாகவே இருக்கிறது.

சிப்பாய் ஒருவர் ஓய்வூதியம் பெற 15 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். அதற்கு முன்பே விலகியவர்களே இந்த உதவித்தொகையை நம்பி நிற்கின்றனர். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தின் கீழ் நான்காண்டு பணியாற்றி வெளியேறும் வீரர்களுக்கோ ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை.

ஓய்வூதியம் பெறுவோரின் நிலை என்ன? 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. நானூறுக்கும் மேற்பட்ட மருத்துவ நிலையங்களும், அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளும் அதில் உள்ளன. ஆனால் அதன் அமைப்பு முழுவதும் மருத்துவமனையை மையமாகக் கொண்டது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் முதியவரைக் குளிப்பாட்டவும், உணவூட்டவும், இரவில் புரட்டிப் படுக்கவைக்கவும் ஒரு துணை வேண்டும். அந்தத் துணை பெரும்பாலும் அவருடைய மனைவிதான். அவருக்கும் வயது எழுபதைக் கடந்திருக்கும்.

வீட்டுப் பராமரிப்புக்கென்றே உள்ள உதவி 'தொடர் உதவியாளர் படி' ஒன்றுதான். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின், 2017 ஜூலை முதல் இது மாதம் 4,500 ரூபாயிலிருந்து 6,750 ரூபாயாக உயர்ந்தது. அகவிலைப்படி 50 விழுக்காடு கூடும்போதெல்லாம் இப்படி கால் பங்கு உயரவேண்டும் என்பது விதி. 2024 ஜனவரியில் அகவிலைப்படி அந்த அளவைத் தொட்டது. அந்த உயர்வைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் நாளொன்றுக்கு 300 ரூபாய் தேறாது. இந்தக் கூலிக்குத் தில்லியிலோ லூதியானாவிலோ முழுநாளும் உடனிருக்க யார் வருவார்?

தொகையைவிட நிபந்தனைகளே கடுமையானவை. ஊனம் 100 விழுக்காடாக இருக்க வேண்டும். அது படைப்பணியால் நேர்ந்ததாகவோ தீவிரமடைந்ததாகவோ இருக்க வேண்டும். இடைவிடாத துணை தேவையென மருத்துவக் குழு சான்றளிக்கவும் வேண்டும். களத்தில் முதுகெலும்பு முறிந்தவருக்குப் படி உண்டு. எழுபத்தைந்து வயதில் பக்கவாதத்தில் விழுந்த அவருடைய தோழருக்கு இல்லை. ஊனமுற்ற வீரர் மறைந்தால் படியும் நின்றுவிடுகிறது. முப்பது, நாற்பது ஆண்டுகள் அவரைப் பராமரித்த மனைவி படுக்கையில் விழும்போது அவருக்கு அந்தப் படி கிடையாது.

அமெரிக்காவில் போர்க்காலத்தில் பணியாற்றிய வீரர்களுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, அன்றாடத் தேவைகளுக்குப் பிறர் துணை வேண்டியிருந்தால் கூடுதல் ஓய்வூதியம் உண்டு. ஊனம் பணியால் வந்ததா என்று அதற்குக் கேட்பதில்லை. வீரரின் கைம்பெண்ணுக்கும் அது பொருந்தும்.

இங்கே கைம்பெண்ணுக்கு இருப்பது வயதை ஒட்டிய கூடுதல் குடும்ப ஓய்வூதியம். 80 வயதில் 20 விழுக்காடு, 85-இல் 30 என உயர்ந்து, நூறு வயதில் இரு மடங்காகிறது. ஏழாவது குழு வகுத்த குறைந்தபட்சமான 9,000 ரூபாய் பெறுபவருக்கு 80 வயதில் கூடுவது 1,800 ரூபாயும் அதற்குரிய அகவிலை நிவாரணமும். அறுபத்தெட்டு வயதில் நடமாட்டம் இழந்தவர் இதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 65 வயதிலிருந்தே 5 விழுக்காடு, 70-இல் 10, 75-இல் 15 எனக் கூடுதல் தொகை தரலாம் என்று பணியாளர் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021-இல் பரிந்துரைத்தது. அதுவும் வயதைத்தான் பார்த்தது.

2025 நவம்பரில் அமைக்கப்பட்ட எட்டாவது ஊதியக் குழுவுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. தொடர் உதவியாளர் படியைப் பணி ஊனத்திலிருந்து விடுவித்து, மருத்துவக் குழு உறுதிசெய்யும் தேவையுடன் இணைப்பதும், வீரருக்குப் பின் அவருடைய மனைவிக்கும் அதை நீட்டிப்பதும் அக்குழுவின் பரிந்துரையில் இடம்பெற வேண்டும்.