மழைக்கும் குளிருக்கும் எந்தக் கோழி?

(இயந்திரவியல், இறுதியாண்டு)



ஆண்டு மலரில் கவிதையும் கம்ப்யூட்டரும் இருக்க, இவன் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்துட்டானே என்று சிரிக்காதீர்கள். நாம் வெப்ப இயக்கவியலில் படித்த பாடம்தான் கோழியின் உடம்பிலும் நடக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். கொழுந்து பறிக்கும் என் அம்மா, மகளிர் குழுவில் கடன் வாங்கி 20 கோழிக்குஞ்சு வளர்க்கப் போகிறார்கள். முட்டை விற்ற காசில் தங்கையின் பள்ளிச் செலவு நடக்கணும். குஞ்சு செத்தால் கடன் மட்டும்தான் மிஞ்சும். "நீதான் படிக்கிறியேப்பா, நம்ம ஊரு மழைக்கு எந்தக் கோழி தாங்கும்னு பாத்துச் சொல்லு" என்றார்கள். படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் கோழியின் உடல் வெப்பம். அது ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். ஊட்டிப் பக்கம் ஜூலை மாதத்தில் வெளியே 15 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். இந்த வித்தியாசத்தை இறகு தாங்குகிறது. இறகுக்கு நடுவே அடைபட்ட காற்றுதான் கோழியின் கம்பளி. நனைந்துவிட்டால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

அதோடு விடுவதில்லை. 1 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வேண்டும். ஒரு கோழியின் இறகில் 50 கிராம் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை முழுக்க உடல் சூட்டிலேயே உலர்த்தினால் 120 கிலோஜூல் செலவு. கோழி ஒரு நாள் தின்னும் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கு சக்தி இப்படியே போய்விடும். முட்டைக்குப் போகவேண்டியது மழைக்குப் போகிறது! குளிரைக் கோழி தாங்கும். குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் வம்பு.

இப்போது இனத்தைத் தேர்ந்தெடுப்போம். நான்கு இடத்தைப் பார்த்தால் போதும்.

1. கொண்டை: மோட்டார் சைக்கிள் இன்ஜினில் வெப்பத்தை வெளியேற்ற ஃபின் இருக்கிறதல்லவா? கோழிக்குக் கொண்டையும் தாடியும் அந்த வேலையைச் செய்கின்றன. ஒயிட் லெகார்ன் கோழிக்குக் கொண்டை பெரியது. வெயில் ஊருக்கு நல்லது. கனடாவின் கியூபெக்கில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷான்டெக்ளேர் என்ற இனத்தையே, பனியில் கருகாத சின்னக் கொண்டையோடு உருவாக்கினார்கள். நம் மலையில் உறைபனி புல்மேல்தான் படிகிறது. கொட்டகைக்குள் இருக்கும் கோழிக்குக் கொண்டை கருகும் பயம் குறைவு. ஆகவே இதற்கு நாம் கடைசி மார்க்தான் போடலாம்.

2. இறகு: நெருக்கமாக, ஒன்றோடொன்று கொக்கி போட்டதுபோல் இருக்கணும். சில்க்கி கோழியின் இறகு பஞ்சு மாதிரி. தண்ணீர் வழுக்கி ஓடாது, ஊறிவிடும். கழுத்தில் இறகில்லாத கிராப்புக்கோழியும் நமக்கு ஆகாது.

3. கால்: பிரம்மா என்ற இனம் குளிருக்குப் பேர் போனது. கொண்டையும் சின்னது. ஆனால் அதன் காலிலும் இறகு உண்டு. நம் சேற்றில் நடந்தால் அந்த இறகில் சேறு அப்பிக்கொண்டு நாளெல்லாம் ஈரமாகவே இருக்கும். இறகில்லாத சுத்தமான கால்தான் நமக்கு வேண்டும்.

4. எடை: 1 செ.மீ. கனசதுரத்தின் பரப்பு 6, கன அளவு 1. அதையே 2 செ.மீ. ஆக்கினால் பரப்பு 24, கன அளவு 8. விகிதம் 6லிருந்து 3 ஆகிவிட்டது. உடம்பு பெருத்தால் கிலோவுக்கு இழக்கும் வெப்பம் குறையும். ஆகவே கனத்த கோழி நல்லது.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ரோடு ஐலண்டு ரெட் தேறுகிறது. பெட்டை 3 கிலோவை நெருங்கும். இறகு நெருக்கம், கால் சுத்தம், முட்டையும் உண்டு. அது கிடைக்காத இடத்தில் வனராஜா. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கியது. வடகிழக்கு மலை மாநிலங்களிலும் வளர்க்கிறார்கள். வருஷத்துக்கு 100 முட்டைக்குமேல் எதிர்பார்க்கலாம். ஆனால் அடைகாக்காது. நம் நாட்டுக்கோழி உடம்பில் சின்னது, முட்டையும் குறைவு. அடையில் உட்கார அதற்கு ஈடில்லை. அதனால் 15 வனராஜா, 5 நாட்டுக்கோழி என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது.

எந்த இனமானாலும் குஞ்சுக்கு இறகு கிடையாது, வெறும் பொடிமயிர்தான். முதல் வாரம் பல்பு போட்டு 35 டிகிரி சூடு கொடுக்கணும். பிறகு வாரம் 3 டிகிரி குறைக்கலாம். மார்ச்சில் வாங்கினால் ஜூன் மழைக்குள் இறகு முழுக்க முளைத்துவிடும். ஜூனில் வாங்கினால் எந்தச் சாதியும் கைகொடுக்காது.

கொட்டகையை நாலு பக்கமும் சாக்குப் போட்டு மூடுவதும் தப்பு. எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் மூச்சின் ஈரமும் உள்ளேயே சுற்றும். மூச்சு நோய் வரும். கோழியின் உயரத்தில் காற்று அடிக்காமல் மறைத்து, கூரைக்குக் கீழே திறப்பு விடவேண்டும். தரையில் மரத்தூளோ உமியோ 2 அங்குலத்துக்குக் குறையாமல் பரப்பி, நனைந்ததை உடனே அள்ளிவிடணும். ஈரத் தரையில்தான் ரத்தக்கழிச்சல் பெருகும். தடுப்பூசி எல்லா இனத்துக்கும் உண்டு. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

நண்பர்களே, "குளிருக்கு ஏற்ற கோழி" என்று யாராவது விற்க வந்தால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். எந்த ஊர்க் குளிர், ஈரக் குளிரா காய்ந்த குளிரா என்று கேளுங்கள். குனிந்து காலைப் பாருங்கள், இறகை விரித்துப் பாருங்கள். நாம் படித்த நாலு வரி நம் வீட்டுக் கொட்டகைக்கு உதவட்டும்!